பிரஷர் மாத்திரை

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை
டப்பாவில் ஈரத்துணி சுற்றி வைத்து
நகத்தால் லேபிளைச் சுரண்டுவது.
அப்புறம், குலுங்கிக் காட்டிக்கொடுக்காமலிருக்க
உள்ளே பஞ்சு அடைப்பது.
யாராவது கேட்டால்
"பிரஷர் மாத்திரை."

பதினாலு வருஷம்.
உஸ்மான் ரோடு ஜவுளிக்கடையில்
லிஃப்டுக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
பட்டு மூணு, சுடிதார் நாலு, பாத்திரம் அஞ்சு.
கேஷ் கவுண்டர் சுகுணவதிக்கும் தெரியும்
எனக்கு பிரஷர் என்று.
ஊறுகாய் பாட்டிலை என் பக்கம் நகர்த்தமாட்டாள்.
பொய்க்கு நான் கொடுத்த வாடகை
மதியத்துக்கு ஒரு எலுமிச்சைத் துண்டு.

போன வருஷம் பின்மண்டை கனத்தபோது
ஏ.ஆர்.டி. சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்:
மூணாவது பிளாக், பொது ஓ.பி., வியாழக்கிழமை.
என் நாள் செவ்வாய்.
இன்னொரு லீவு, இன்னொரு வரிசை,
இன்னொரு ஆள் என் புக்கைப் புரட்டி
"இது எந்த டிபார்ட்மென்ட்டும்மா?" என்று
மாடிப்படி வரை கேட்கிற குரலில்.
சீட்டை மடித்தேன், மடித்தேன்,
பஸ் டிக்கெட் அளவு ஆனதும்
ஜன்னல் வழியே விட்டுவிட்டேன்.

பெஞ்சில் எப்போதும் ஓரத்து இடம் பிடிக்கும்
வியாசர்பாடி ஏகாம்பரம்
அவர் சீட்டை என்ன செய்தாரோ.
ஆறு வருஷமாக அவர் ரத்தத்தில்
தேடியும் கிருமி கிடைக்கவில்லை என்றுதான் ரிப்போர்ட்.
மார்கழியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவருக்கு
தலைக்குள் ஒரு குழாய் வெடித்தது.
அவர் ஜெயித்த வழக்கு வேறு,
தீர்ப்பு வந்த வழக்கு வேறு.

சித்திரையில் எங்கள் அறைக்கே வந்தது மெஷின்.
புது மேஜைகூட இல்லை.
எடை பார்க்கும் இடத்துக்குப் பக்கத்தில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
தில்ஷாத் சிஸ்டர் என் கையில் பட்டை சுற்றினாள்.
பேசாதீங்க. கால் மேல கால் போடாதீங்க.
இறுகி, இறுகி, விட்டது.
மேலே நூற்றெழுபத்திநாலு. கீழே நூற்றியாறு.
அஞ்சு நிமிஷம் கழித்து மறுபடி.
அதேதான்.
சிரித்துவிட்டேன்.
"என்னம்மா சிரிக்கறீங்க?"
"சொல்லிச் சொல்லியே வரவெச்சுட்டேன் சிஸ்டர்."
அவள் சிரிக்கவில்லை.
"சொன்னா எல்லாம் வராது. ஒரு வேளைக்கு அப்பளம் எத்தனை?"

அதே செவ்வாய், அதே ஜன்னல், அதே பை.
டப்பாவோடு சின்னதாய் ஓர் அட்டை மாத்திரை,
சுரண்ட வேண்டாத பெயரோடு.
பஸ்ஸில் அதை வெளியே எடுத்து
எழுத்துக்கூட்டிக்கொண்டே வந்தேன்.
பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்தாள்:
"எனக்கும் இதேதான். உனக்குக் கால் வீங்குதா?"
இன்னும் போடவே இல்லை என்றேன்.
என் நோயைப் பற்றி ஒருத்தியோடு
பனகல் பார்க் வரை பேசிக்கொண்டு வந்தேன்.
இறங்க மனசில்லை.

வீட்டில் அதை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன்,
எல்லோர் கண்ணிலும் படும்படி.
ராத்திரி சாப்பாட்டில் சொன்னேன்:
எனக்கு பிரஷர் இருக்காம்.
மருமகள் யோகலட்சுமி தட்டிலிருந்து நிமிரவில்லை.
"பதினாலு வருஷமா மாத்திரை சாப்டறீங்க அத்தை.
இன்னுமா குறையல? டாக்டரை மாத்துங்க."

வெளியே சொல்ல எனக்கென்று வந்த ஒரே நோயையும்
முன்னாலேயே செலவழித்திருக்கிறேன்.

ஐப்பசியில் நூற்றிமுப்பத்திரண்டு, எண்பத்திநாலு.
புக்கில் ஒரே பக்கம், ஒரே பேனா.
மேல் வரியில் அது, அதற்குக் கீழே இது.
தில்ஷாத் சிஸ்டர் முதன்முறையாகச் சிரித்தாள்,
முன்பல்லில் ஒன்று சற்றே கோணல்.

அன்றைக்கும் லேபிளைச் சுரண்ட உட்கார்ந்தேன்.
பாதியில் பால் பொங்கியது.
ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து
மீதியை
சுரண்டவில்லை.